மறியல் வாரத்து மதிப்பெண்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில் பொன்னுரங்கம் கண்டக்டர். நாற்பது வயதில் அவருக்குக் கால் தளர்ந்தது, இடது கண்ணிமை தொங்கியது, விசில் ஊத வாய் குவியவில்லை. குடித்திருக்கிறார் என்று பயணிகள் முணுமுணுத்தார்கள்.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தசை தேயும் நோயோ என்று சந்தேகப்பட்டார். எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று பார்க்கப் பத்துக் கேள்விகள் அச்சடித்த தாள்களைக் கொடுத்தார். மாடிப்படி ஏற முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா... தடையில்லாமல் முடிந்தால் கேள்விக்கு நான்கு மதிப்பெண். ஞாயிறுதோறும் நிரப்ப வேண்டும்.

முதல் வாரம் பொன்னுரங்கம் தனக்குத்தானே நாற்பது போட்டுக்கொண்டார்.

"நாப்பதா? காலைல பட்டன் போட்டு வுட்டது யாரு?" என்று மனைவி தைலம்மாள் பேனாவைப் பிடுங்கினாள். அன்று முதல் அவளே பரீட்சை வைத்தாள். இருபத்தாறு, இருபத்துமூன்று, பத்தொன்பது. பத்தொன்பது வந்த அன்று இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை, பொன்னுரங்கம் வீட்டில் படுத்துத் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டினால் முப்பத்தொன்று!

"இன்னாங்க, ஏமாத்துறீங்களா? இன்னொரு வாட்டி மாடிப்படி ஏறுங்க."

ஏறினார். சிரித்துக்கொண்டே இறங்கினார்.

அடுத்த மாதம் டாக்டரம்மா அந்தத் தாளில் விரலை வைத்தார். "இந்த வாரம் என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலீங்க. ரோட்டுல மரம் கெடந்துது. வூட்ல தூங்கிக்கினு இருந்தேன்."

"தேய்ஞ்ச தசை தூங்கினா திரும்பி வராதே!" என்று எழுந்தார் டாக்டரம்மா. சோதித்துப் பார்க்க ஓர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் தொங்கிய இமை மேலே ஏறியது. தைலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு கண்ணும் ஒண்ணா இருக்குதுங்க!" என்றாள்.

நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோயாம் அது. வேலை செய்தால் தளரும், ஓய்வெடுத்தால் தெளியும். அடியோடு தீராது, ஆனால் மாத்திரைக்குக் கட்டுப்படும்.

பொங்கலுக்குள் பொன்னுரங்கம் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினார். மலை ஏறுமுன் ஒரு மாத்திரை, வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு ஒன்று. சில நாள் சாயங்காலம் கால் கெஞ்சும். டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பார். குடித்திருக்கிறார் என்று இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை.