கோணல் கழுத்து

டேப் அக்கா என்றால் அந்தத் தையல் கூடத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். தோளில் அளவு டேப், கையில் பெரிய கத்திரி, வாயில் அதைவிடப் பெரிய கத்திரி. பள்ளிச் சீருடைச் சட்டைகளுக்குத் துணி வெட்டுவது அவள் வேலை. வெட்டிய கழுத்தில் காலர் வைத்துத் தைப்பது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. அவளுக்கு அக்கா வைத்த பெயர் ஆமை.

பெயரைச் சும்மா வைக்கவில்லை. மற்றவர்கள் மளமளவென்று தைத்துத் தள்ளும்போது இவள் முன்னால் மட்டும் சட்டைகள் குவிந்து கிடக்கும். "வீட்டுலயும் இப்படித்தான். ஒரு வாளி துணி அலச அரை நாளு. உடம்பு வளையாது" என்று யாரும் கேட்காமலேயே அக்கா சொல்லுவாள்.

அக்கா நேரம் கழித்து வந்தால் பஸ் வரவில்லை. ஆமை நேரம் கழித்து வந்தால் தூக்கம் கலையவில்லை. அக்கா எரிந்து விழுந்தால் தலைவலி. ஆமை ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அது பிறந்த வீட்டுத் திமிர். இந்த நியாயத்தில் ஏதோ இடிக்கிறதே என்று அக்காவுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நமக்கு மட்டும் தோன்றிவிடுகிறதா என்ன?

பள்ளி திறக்கும் நேரம் நெருங்கியது. முதலாளியம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள். "காலர்லயே எல்லாம் தேங்குது. உங்க வீட்டுப் பொண்ணுதானே, அவளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. அவ குணமே அதுதான். எனக்குச் சொந்தம்னு பாக்காதீங்க."

சொல்லும்போது வாய் கூசவில்லை. நேர்மையாக நடந்துகொண்டோம் என்று ஒரு பெருமைகூட இருந்தது. அன்றைக்கே ஆமையை நிறுத்திவிட்டார்கள். அவள் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனாள்.

புதிதாக வந்தவளுக்கு நல்ல வேகம். குவியல் கரைந்தது. ஆனால் போன வேகத்திலேயே சட்டைகள் திரும்பி வந்தன. எதைப் பார்த்தாலும் காலர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"துணி வழுக்குதும்மா. லைட்டு வேற மங்கல். கத்திரிக்குச் சாணை பிடிச்சு எவ்வளவு நாளாச்சு" என்று அக்கா முதலாளியம்மாவிடம் அடுக்கினாள். எல்லாம் உண்மைதான். அடுக்கிய துணி நகராமலிருக்கக் கிளிப் போட வேண்டும், அவசரத்தில் பல மாதமாக அதை விட்டுவிட்டாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கிளிப் இல்லாவிட்டால் மேல் துணி ஒழுங்காக வெட்டுப்படும். அடித்துணி நழுவிக் கழுத்து கோணலாகும்.

புதியவள் தன் மிஷினுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துப் போட்டாள். "இது என்னக்கா, நான் வந்தப்பவே இருந்துச்சு?"

உள்ளே முழுக்க மெல்லிய, வளைந்த துணிச் சீவல்கள். கத்திரி பிடிக்கிறவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு கழுத்தையும் அளந்து, கோணலைச் சீவி, சரிபண்ணிய பிறகுதான் ஆமை காலர் வைத்திருக்கிறாள். பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் நேராக மாடிக்கு ஏறினாள். ஆமை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளியம்மாகிட்ட நானே உண்மையச் சொல்லிடறேன். வந்துடு."

"வேண்டாம்க்கா. வேற இடத்துல சேந்துட்டேன்."

"அந்தத் துணியே வழுக்குற துணி, லைட்டும் சரியில்ல..." என்று ஆரம்பித்த அக்கா, தன் குரலைக் கேட்டுத் தானே நிறுத்தினாள். "ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"கண்ணு சரியில்லையோ, மனசுல ஏதும் கவலையோ, பாவம், உங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். சொன்னா உங்க பேரு கெடுமேன்னு நானே சரிபண்ணிட்டேன்." அவள் குரலில் கோபமே இல்லை. மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "நான் ஏன் மெதுவா தைக்கிறேன்னு நீங்களும் ஒரு தடவை கேட்டிருக்கலாமே, ஏன்க்கா கேக்கல?"

எதற்கும் காரணம் வைத்திருக்கும் அக்காவிடம் இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை.