மூடிய கடையின் மீன்கள்

தொற்று பரவி நகரத்தை மூடியபோது, எந்தக் கடை திறக்கலாம், எது கூடாது என்று சொல்லும் வேலை நகராட்சியின் உரிமப் பிரிவு அதிகாரி தலையில் வந்து விழுந்தது. அவர் கேட்டு வாங்கிய வேலை இல்லை. அந்தப் பிரிவிலேயே தலை நரைத்தவர் அவர் ஒருவர்தான், அதனால் கொடுத்துவிட்டார்கள்.

மருந்துக்கடை, பால், மளிகை, பெட்ரோல் இதிலெல்லாம் யாருக்கும் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் தொலைபேசி வழியாக வந்தது. சைக்கிள் கடைக்காரர் பேசினார். "ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்க பாதிப் பேர் சைக்கிள்லதான் போறாங்க சார். டியூப் வெடிச்சா எங்க போவாங்க?" திறக்கலாம் என்றார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு நாள் யோசித்துச் சரி சொன்னார். கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பவர் ஒருவர் ஆரம்பித்துவிட்டு, "கல்யாணமே இல்லையே சார், நான் எதுக்குக் கேக்கறேன்?" என்று தானே சிரித்துவிட்டு வைத்துவிட்டார். நடனம் சொல்லிக்கொடுக்கும் பெண்மணி அழுதார். அவருக்கு இல்லை என்று சொன்ன அன்று அதிகாரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் இல்லை என்றுதான் சொன்னார். கிளி, குருவி விற்கும் அம்மாளுக்கும் இல்லை. "பறவை வாங்கறது யாருக்கும் இப்ப அவசரம் இல்லம்மா" என்று பதமாகத்தான் சொன்னார்.

அப்படி ஒரு காலையில் மைத்துனன் பேசினான். மனைவியின் ஒரே தம்பி. நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு வண்ணமீன் கடை வைத்தவன். வீட்டில் எல்லோரும் அவனை மீன்காரன் என்றுதான் சொல்வார்கள். அவன் கடை வைத்த புதிதில், "இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று அதிகாரி கேட்டுவைத்தார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைவு. வருவான், அக்கா கையால் சாப்பிடுவான், "வரேன் மாமா" என்பான், போய்விடுவான். அவர் இல்லாத இடத்தில் ரூல் மாமா என்று அவரைச் சொல்வான் என்பதும் அவருக்குத் தெரியும்.

"மாமா, நான்தான். ஆபீஸ் நம்பருக்கே பண்ணிட்டேன்."

"சொல்லுப்பா."

"கடைக்குப் போகணும் மாமா. விக்க வேணாம். ஷட்டரக்கூட முழுசாத் தூக்க மாட்டேன். தீனி போட்டு, ஃபில்டரப் பாத்துட்டு வந்துடுவேன். நேத்து நடந்தே போனேன், பாலத்துல போலீஸ் திருப்பி அனுப்பிட்டாங்க."

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். "செல்லப்பிராணிக் கடை எதுக்குமே குடுக்கலப்பா. ஒரு அம்மா கேட்டாங்க, அவங்களுக்கும் இல்லேன்னு சொல்லிட்டேன். இப்ப உனக்குக் குடுத்தா, மச்சினனுக்குன்னா மட்டும் மீனும் அத்தியாவசியமான்னு கேப்பாங்க. கேக்கறது நியாயம்தானே?"



"நியாயம்தான் மாமா" என்றான் அவன். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "ஒரு வாரம் தாங்கும். அப்புறம் ஒண்ணு செத்தா அது தண்ணியக் கெடுக்கும். தண்ணி கெட்டா மிச்சமும் போயிடும். சரி, வைக்கறேன்."

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் அவரே சொல்லிவிட்டார். அவள் வேறு வழியாகக் கேள்விப்படுவதைவிட அது மேல். அவள் சண்டை போடவில்லை. தட்டைக் கழுவி வைத்தாள், அடுப்பு மேடையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தாள்.

"தனியா ஒரு ரூம்ல கிடக்கறான். பேச்சுத்துணைக்கு அந்த மீனுங்கதான் இருந்துச்சு" என்றாள் கடைசியில்.

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

"ஒண்ணும் பண்ண வேணாம். நீங்க சொன்னது சரிதான்."

மறுநாள் காலை அவருடைய சாப்பாட்டு டப்பாவின் பக்கத்தில் ஒரு சாவி இருந்தது. கடையின் மாற்றுச் சாவி. தம்பி எதையாவது தொலைத்துவிடுவான் என்று அதை எப்போதும் அக்காதான் வைத்திருப்பாள்.

"இது எதுக்கு?"

"நீங்க தினமும் அந்தத் தெரு வழியாத்தானே ஆபீசுக்குப் போறீங்க? மூடின கடை மூடியிருக்கான்னு உள்ள போய்ப் பாக்க உங்களுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லையே."

அவர் ஷூ போட்டார், கழற்றினார், முகக்கவசத்தை மறந்துவிட்டோம் என்று உள்ளே வந்தார். போகும்போது சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

தெரு காலியாக இருந்தது. ஷட்டரை இடுப்பளவு தூக்கிக் குனிந்து நுழைவதற்குள் மூச்சு வாங்கியது. யாராவது பார்த்தால் பரிசோதனை என்று சொல்ல வாக்கியம் தயாராக வைத்திருந்தார். யாரும் பார்க்கவில்லை. உள்ளே ஈர வாடை. ஏர் பம்புகளின் சத்தம், பக்கத்து அறையில் யாரோ மெல்லக் குறட்டை விடுவதுபோல. விளக்கைப் போட்டதும் சுவர் முழுக்கத் தொட்டிகள் நீலமும் பச்சையுமாக எழுந்து நின்றன. அத்தனை தொட்டியிலும் மீன்கள் கண்ணாடியை ஒட்டி அவரைப் பார்த்து வந்தன. அவர் ஒரு அடி பின்னால் போனார். அந்தக் கடை திறந்து இவ்வளவு நாளில் அவர் உள்ளே வருவது அதுதான் முதல் முறை.

மைத்துனனுக்கு வீடியோ அழைப்பு போட்டார். திரையில் தாடியும் கலைந்த தலையுமாக அவன் முகம். அவருக்குப் பின்னால் இருப்பது எந்த இடம் என்று புரியச் சற்று நேரமானது அவனுக்கு.

"மாமா, நீங்களா?"

"பரிசோதனைக்கு வந்தேன்" என்றார் அவர். "எது தீனி?"

அவன் முகத்தைத் திரையிலிருந்து விலக்கிக்கொண்டான். திரும்பி வந்து சொன்னான். "மேல் தட்டுல சிவப்பு மூடி டப்பா மாமா. ஒரு சிட்டிகைதான். பாவமா இருக்கேன்னு அள்ளிப் போட்டுடாதீங்க. பசில சாகற மீனைவிட, தின்னு சாகற மீன்தான் அதிகம்."

சிட்டிகை என்பதற்கு அரசாங்க அளவு எதுவும் இல்லாததால் ஒவ்வொரு தொட்டிக்கும் கையைத் திரையில் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். செத்து மிதந்த சிலவற்றை வலையால் எடுக்கச் சொன்னான் அவன். எடுத்தார். உயிரோடிருந்த ஒன்று வலையில் சிக்கியபோது, ஐயோ மன்னிச்சுக்கோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். திரையில் இருந்தவன் சிரித்தான். அவரைப் பார்த்து அவன் சிரித்து அவர் பார்த்ததில்லை.

ஒரு நாள் வேலை என்றுதான் நினைத்தார். ஆனால் மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும். கொஞ்சம் முன்கூட்டியே வீட்டிலிருந்து கிளம்ப ஆரம்பித்தார். எந்தத் தொட்டியில் யார் சண்டைக்காரன், எது தீனியைத் துப்பிவிட்டு மறுபடி தின்னும் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. மூலைத்தொட்டியில் ஒரு கறுப்பு மோலி மீன் வயிறு உப்பிக்கொண்டே வந்தது. வியாதி என்று பயந்து காட்டினார்.

"வியாதி இல்ல மாமா, பிள்ளைத்தாச்சி. அதைப் பிரிச்சுத் தனியா விடுங்க. இல்லேன்னா குட்டியப் போட்டுட்டு அதுவே தின்னுடும்."

"பெத்ததையேவா?"

"அதுக்கு அது குட்டின்னு தெரியாது மாமா. வாய்ப்பக்கம் வந்தா தீனின்னு நினைச்சுக்கும்."

அன்று அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மனமெல்லாம் மூலைத்தொட்டியில் இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மோலியைப் பற்றி விடாமல் பேசினார். அவள் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்த பிறகும் மைத்துனன் அழைப்பை வைக்கமாட்டான். என்ன சமைத்தான், கருகியதா, பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே போவான். ஒருநாள், "நேத்து முழுக்க உங்ககிட்ட பேசினதத் தவிர நான் வாயே திறக்கல மாமா" என்றான். அதிகாரி மேசை விளிம்பில் உட்கார்ந்தார். அலுவலகத்துக்கு நேரமாகியிருந்தது. "அவசரமில்ல, சொல்லு" என்றார்.

அவருக்கு அந்தக் கிளிக்கடை அம்மாளின் நினைப்பு வந்தது அப்போதுதான். விற்க வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டாரா? அவருக்குச் சரியாக ஞாபகமில்லை. கேட்ட மாதிரி இல்லை. தான் அவரைக் கேட்க விட்டோமா என்பதும் தெரியவில்லை.

அந்த வாரம் ஆணையருடன் கூட்டம். மதியத்துக்கு மேல். அதற்கு முன்னால் மோலியை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று கடைக்குள் நுழைந்தவருக்குக் கடை அமைதியாக இருந்தது உறைத்தது. மின்சாரம் இல்லை. பம்புகள் நின்றுபோயிருந்தன. மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. அவசரமாக மைத்துனனை அழைத்தார்.

"மக்கால தண்ணிய மொண்டு உயரத்துலேர்ந்து ஊத்துங்க மாமா" என்றான் மைத்துனன். குரலில் பதற்றம். "அதே தண்ணிய, அதே தொட்டில. காத்து கலக்கணும், அவ்வளவுதான். பெரிய தொட்டி முதல்ல. சின்ன மீனுங்க கொஞ்சம் தாங்கும்."

சட்டைக் கையை மடித்துவிட்டு ஆரம்பித்தார். மொண்டார், ஊற்றினார், அடுத்த தொட்டிக்குப் போனார், சுற்றி முதல் தொட்டிக்கே வந்தார். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கைப்பேசி அலறியது. அலாரத்தை மட்டும் அணைத்துவிட்டு ஊற்றினார். "போதும் மாமா, நீங்க போங்க, ஆனது ஆகட்டும்" என்று அவன் சொன்னபோது, "நீ சும்மா இரு" என்று அதட்டினார். பம்புகள் திடுக்கென்று உயிர்பெற்றபோது அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். 

ஆணையர் கண்டிப்பான பெண்மணி. தொப்பலாக நனைந்த சட்டையோடு தாமதமாக வந்து நின்றவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஆச்சு உங்களுக்கு?"

பைப் உடைந்தது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவும் செய்தது. ஆனால் நடந்ததையே சொன்னார். மைத்துனனுக்கு இல்லை என்றது, சாவி, பரிசோதனை என்று பேர் வைத்துக்கொண்டு தினமும் போனது, மின்சாரம் நின்றது.

"நான் போனது தப்புன்னா நடவடிக்கை எடுங்க மேடம். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. இத்தனை நாளா எந்தக் கடையில வியாபாரம் அவசியம்னு மட்டும்தான் நான் பாத்தேன். மூடின கடைக்குள்ள உயிரோட என்ன இருக்குன்னு யார்கிட்டயும் கேக்கல. என் மச்சினன் கடைக்கு நான் இருந்தேன். மத்தவங்க கடைக்கு யாரும் இல்ல."

ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது உங்களுக்கு முன்னாடியே தோணியிருக்கணும்."

"ஆமாம் மேடம்."

"எனக்கும் தோணியிருக்கணும்" என்றார் ஆணையர். "காலையில ஒரு மணி நேரம். விற்பனை கிடையாது. தீனி, தண்ணி, சுத்தம் மட்டும். இன்னிக்கே உத்தரவு போடுங்க. உங்க மச்சினனுக்கு மட்டும் நீங்க கையெழுத்துப் போடாதீங்க, நான் போடறேன்."

அன்று மாலையே கிளிக்கடை அம்மாளைத் தொலைபேசியில் பிடித்தார். தான் யார் என்று சொல்லி, இல்லை என்று சொன்னதற்கு வருத்தம் தெரிவித்து, நாளை முதல் காலையில் போகலாம் என்றார்.

"நல்லது சார்" என்றார் அந்த அம்மாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நீங்க இல்லேன்னு சொன்னீங்கல்ல, அன்னிலேர்ந்தே பின்கதவு வழியா போயிட்டுத்தான் இருக்கேன். இனிமே முன்கதவு வழியாப் போறேன்."

ரூல் மாமா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். "பறவைங்கல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் சௌக்கியம் சார். உங்களத் திட்ட ஒரு கிளிக்குச் சொல்லிக்குடுத்துட்டேன், அத மறக்கடிக்கணும்."

மறுநாள் காலை கடை வாசலில் மைத்துனன் நின்றிருந்தான். திரையில் பார்த்ததைவிட மெலிந்து தெரிந்தான். அவர் சாவியை நடைபாதைக் கல்லில் வைத்துவிட்டு விலகி நின்றார். அவன் எடுத்துக்கொண்டான். தொட்டுக்கொள்ள முடியாது. என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

அவன் குனிந்து உள்ளே போனான். ஒவ்வொரு தொட்டி முன்னாலும் நின்றான், கண்ணாடியில் விரலை வைத்தான். மூலைத்தொட்டியில் மோலி இளைத்துப்போய் நீந்திக்கொண்டிருந்தது. அதைத் தனியே விட்டிருந்த கண்ணாடிக் குடுவையின் அடியில், மிளகு தூவினதுபோலக் கறுப்பாகக் குட்டிகள்.

"பிரசவம் நல்லபடியா ஆச்சு" என்றார் அதிகாரி வாசலிலிருந்து. "விடியக்காலையிலேயே வந்து அம்மாவை மட்டும் பழைய தொட்டிக்கு மாத்திட்டேன். சரிதானே?"

அவன் திரும்பாமலே தலையாட்டினான். தோள்கள் குலுங்கின. அவர் தெருவைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்சம் பொறுத்து, "இது நல்ல தொழில்ப்பா" என்றார். கவசத்துக்குள்ளிருந்து சொன்னது அவனுக்குக் கேட்டதோ என்னவோ. ஆனால் உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் நின்றது. "குட்டிக்குத் தீனிய நல்லாப் பொடி பண்ணணும் மாமா, ஞாபகம் வச்சுக்குங்க" என்றான் அவன், இனியும் அவர் வரப்போகிறவர் என்பதுபோல.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவிலேயே நின்றாள். நகரம் மூடியதிலிருந்து அவள் தம்பியை நேரில் பார்க்கவில்லை.

"அவன் இளைச்சிருக்கானா?"

மெய்யைச் சொல்வதா என்று யோசித்தார். "கொஞ்சம். முடி காடா வளந்திருக்கு. நீலச் சட்டை போட்டிருந்தான், நீ எடுத்துக்குடுத்தது. செருப்புல ஒரு வார் அறுந்திருக்கு, ஊக்கு மாட்டியிருக்கான்."

"அப்புறம்?"

"போகும்போது சிரிச்சான். முகக்கவசம் இருந்துச்சு, ஆனா கண்ணு ரெண்டும் இடுங்கிச்சு. சிரிச்சாத்தான் அவனுக்கு அப்படி இடுங்கும்."

அவள் அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.