மாத்திரைக்குப் பின் ஒரு கிண்ணம்

சளிப் பரிசோதனையில் மறுபடியும் கிருமி தெரிகிறது என்று செவிலி உல்ஜான் தொலைபேசித் திரையில் சொன்னபோது, சைக்காலுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சுவரை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கால்தான் காலுறை பட்டாலே எரிகிறதே, எதை வைத்து உதைப்பது?

சாதாரண மருந்துக்கு அடங்காத காசநோய் அவளுக்கு. தினமும் காலையில் திரையில் உல்ஜான் பார்த்துக்கொண்டிருக்க, கைநிறைய மாத்திரையை விழுங்கிக் காட்ட வேண்டும். பிறகு நாள் முழுக்கக் குமட்டல், வாயில் துருப்பிடித்த சுவை, பாத எரிச்சல். எரிச்சலுக்கென்று தனியாக ஒரு வைட்டமின். இத்தனையையும் அவள் பல்லைக் கடித்துப் பொறுத்தது மகள் அசிலுக்காக. சளி சுத்தமானால்தான் குழந்தை சித்தி வீட்டிலிருந்து திரும்பி வரலாம்.

"ஒரு வேளைகூட விட்டதில்லையே, அக்கா. எனக்கே புரியல" என்றாள் உல்ஜான்.

விழுங்கி முடித்ததும் தொடர்பைத் துண்டிப்பதுதான் வழக்கம். இன்று பேச்சு நீண்டுவிட்டது. மாமியார் புபுசாரா வழக்கம்போலக் கிண்ணம் நிறையக் குமிஸோடு வந்து நின்றாள். மேய்ச்சல் மலையிலிருந்து கொழுந்தன் கொடுத்தனுப்பும் புளித்த குதிரைப்பால். நெஞ்சு நோய்க்கு அதை மிஞ்சிய மருந்தில்லை என்பது அவள் கட்சி. மாமியார் நீட்டிய கிண்ணத்தை வேண்டாம் என்று தள்ளும் மருமகள் அந்த நாரின் மலையூர்ப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

"அது என்ன, குமிஸா? மாத்திரை போட்ட உடனேயா?" உல்ஜானின் குரல் மாறிவிட்டது. "தினமுமா குடிக்கிறீங்க?"

"ஆமா, ஏன்?" என்றாள் சைக்கால்.

"பால் சாமான் முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு மணி நேரம் கூடாதுன்னு சொன்னேனே. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையைக்கூடத் தள்ளித்தானே போடச் சொன்னேன். இருக்கறதுலயே முக்கியமான மாத்திரை ரத்தத்துல சரியா ஏறாது, அக்கா."

புபுசாராவுக்குச் சுருக்கென்றது. "நான் பாலா குடுத்தேன்? நீ சொன்னேன்னு டீயில ஒரு சொட்டுப் பால் ஊத்தல. தயிரை இவ கண்ணுல காட்டல. இது குமிஸுடி. குமிஸ் எப்படிப் பாலாகும்?"

உல்ஜானும் அந்த ஊர்க்காரிதான்; குமிஸைப் பால் கணக்கில் அவளும் சேர்த்ததில்லை. "எனக்கும் அதைப் பேர் சொல்லிச் சொல்லத் தோணல" என்றாள் மெதுவாக. "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன். மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

திரை இருண்டது. சைக்கால் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் வீட்டுக்குள்ள பாம்பு வந்துச்சே, அத்தை. அது தலையில என்னத்த ஊத்தி வெளிய அனுப்பினீங்க?"

"பால்தான். வீட்டுக்கு வந்த பாம்பைப் பால் ஊத்தித்தானே அனுப்பணும்."

"அன்னைக்கு வீட்டுல பால் இருந்துச்சா?"

புபுசாரா கிண்ணத்தைப் பார்த்தாள். "குமிஸ் இருந்துச்சு" என்றாள்.

"பாம்புக்கு ஊத்தினா பால். எனக்கு ஊத்தினா பால் இல்ல." என்றாள் சைக்கால். "காலை எரிக்கிற மாத்திரை பத்திரமா உள்ள போயிடுச்சு. கிருமியைக் கொல்றதை மட்டும் உங்க கிண்ணம் புடிச்சு வெச்சுக்கிச்சு."

"நீ பொழைக்கணும்னுதான்டி குடுத்தேன்."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா, நாலு வார்த்தை திட்டிட்டாவது போயிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்க."

புபுசாரா கிண்ணத்தைக் கீழே வைக்கவும் முடியாமல், கொட்டவும் மனமில்லாமல் நின்றாள். குமிஸைத் தரையில் கொட்டுவது பாவம். நின்று சாகட்டும் என்று சைக்கால் நினைத்தாள், அப்படி நினைத்ததற்காக வருத்தப்படவும் இல்லை.

தொலைபேசி மறுபடி அழைத்தது. அசில். இன்று முடிவு வரும் என்று அவளுக்கும் தெரியும். தலைக்கு ரிப்பன் கட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரையில் நின்றாள்.

"அம்மா, நான் கிளம்பட்டுமா?"

"இன்னும் இல்லடா கண்ணு."

"ஏம்மா? நீ மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டியே?"

சைக்கால் தொலைபேசியை மாமியாரிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க, அத்தை."

புபுசாரா ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் தொலைபேசியுமாகக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். கிண்ணம் சாய்ந்து குமிஸ் தரையில் சிந்தியது. அவள் குனிந்து துடைக்கவில்லை.

"பையைக் கழட்டிடு, செல்லம்" என்றாள். "தப்பு உங்கம்மா மேல இல்ல."