கேட்காமல் நிறுத்து

அனுப்ரியாவுக்கு வேலை பெங்களூரில், குடியிருப்பு ஓசூரில். இணைய உலாவி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சார்பில் அவள் ஓர் உலகக் குழுவில் உறுப்பினராக இருந்தாள். இணையதளங்கள் மக்களைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதை எப்படித் தடுப்பது, அடுத்த ஐந்து ஆண்டுகளில் அதற்கு என்னென்ன விதிகள் எழுதுவது என்று திட்டமிடும் குழு அது. அதில் இரண்டு வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ‘உங்கள் தகவலை எடுத்துக்கொள்ளலாமா?’ என்று திரையில் வந்து நிற்கும் கேள்விப் பெட்டி. யார் பார்த்தாலும் புரிகிற மாதிரி அதை மாற்றி அமைக்க வேண்டும்.

குழு பெங்களூரில் நேரில் கூடுவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் புதிய பெட்டியை அவள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தாள். அந்த வாடகை வீட்டின் மூன்று மாடிகளிலும் சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள்தான். பதினோரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பத்துப் பேர் ஒரு வரிகூடப் படிக்காமல் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அமுக்கினார்கள். முனிலட்சுமி மட்டும் ‘மறுக்கிறேன்’ என்பதைத் தொட்டாள். அனுப்ரியா ஆவலோடு காரணம் கேட்டாள். விரல் தவறிப் பட்டுவிட்டது என்றாள் முனிலட்சுமி. அனுப்ரியாவைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

அவளுடைய அறைத்தோழி மாதேஸ்வரி வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ் ஓட்டுகிறவள். கூட்டம் கலைந்த பிறகு உப்புமாத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எதுக்கு அனு, இப்பிடிக் கேட்டுக்கிட்டே இருக்கறீங்க? எங்க பிரஸ்ஸுல கை உள்ள போச்சுன்னா சென்சார் பாத்துட்டு மெஷின் தானா நின்னுக்குது. ‘கைய நசுக்கட்டுமா, உனக்குச் சம்மதமா’ன்னு எங்கிட்டக் கேக்கறதில்ல. கேட்டா, அவசரத்துல நானே ஆமான்னு சொல்லிருவேன்.”

அனுப்ரியாவுக்குச் சுருக்கென்றது. இரும்பு அடிக்கிற மெஷினும் இணையமும் ஒன்றா என்று கேட்டாள். இரண்டு வருட உழைப்பை ஒரு வாய் உப்புமா தின்கிற நேரத்தில் தூக்கிப் போட முடியாது என்றாள். மாதேஸ்வரி தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் அனுப்ரியா வேலைக்குப் போகும்போது எல்லையோர அத்திப்பள்ளியில் பேருந்து முக்கால் மணி நேரம் நகரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பத்துப் பேரின் விரல்களையே நினைத்துக்கொண்டிருந்தாள். பேருந்து கிளம்புவதற்குள் தொலைபேசியிலேயே ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தாள். தீங்கு தரும் வேவுக்குச் சம்மதம் கேட்கவே வேண்டாம், உலாவியே அதை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் சாரம். தோழி மாதேஸ்வரியின் பிரஸ்ஸையே அதற்கு உதாரணமாகக் காட்டியிருந்தாள். குழுத் தலைவி ஹெல்காவிடமிருந்து மதியமே இரண்டு வரிப் பதில் வந்தது: கூட்டத்தில் இதைப் பேசு, முடிந்தால் அந்தத் தோழியையும் அழைத்து வா.

மாதேஸ்வரிக்கு விடுப்பு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பிரஸ் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் பெங்களூரில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவள் சூப்பர்வைசர் ரத்தினவேலிடம் சொன்னாள். பொய் என்றும் சொல்ல முடியாது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நம்ம கம்பெனி பேரைக் கெடுத்துவிடாதே என்று அனுப்பிவைத்தார்.

கூட்டத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அனுப்ரியா பேசி முடித்ததும் விளம்பரத் துறையிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்தார். எல்லாவற்றையும் தானாகவே நிறுத்திவிட்டால் விளம்பர வருமானம் குறைந்து, அதை நம்பி நடக்கும் சின்னச் செய்தித் தளங்கள் மூடிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அதில் நியாயம் இருந்ததால் பலர் தலையசைத்தார்கள்.

மாதேஸ்வரி ஓசூரில் பழகிய கன்னடத்தில் பேச ஆரம்பித்தாள். பெங்களூர் உறுப்பினர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சென்சார் வைத்தபோது தன் தொழிற்சாலையிலும் உற்பத்தி குறையும் என்றார்களாம். முதல் மாதம் குறையவும் செய்ததாம். பிறகு தகட்டை உள்ளே வைக்கும் முறையை மாற்றினார்கள். இப்போது முன்பைவிடக் கூடுதலாக ஓடுகிறது. நிறுத்துவது இயந்திரத்தின் வேலை, நிறுத்தியும் தொழிலை எப்படி ஓட்டுவது என்று யோசிப்பது உங்கள் வேலை என்று முடித்தாள். விளம்பரக்காரர் சிரித்துவிட்டார். தகட்டு முறையை எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டார். மதியச் சாப்பாட்டின்போது மாதேஸ்வரி அவருக்குத் தயிர்ச்சாதக் கிண்ணத்தையும் இரண்டு கரண்டிகளையும் வைத்து விளக்கினாள்.

கேள்விப் பெட்டியைக் குழு அடியோடு எடுத்துவிடவில்லை. ஆனால் ஐந்தாண்டுத் திட்டத்தில் அது நான்காம் இடத்துக்குப் போனது. ‘கேட்காமல் நிறுத்து’ முதல் வேலையானது. தன் இரண்டு வருடம் கீழே இறங்கியதில் வருத்தம் வரும் என்று எதிர்பார்த்த அனுப்ரியாவுக்குப் பசிதான் வந்தது. ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, இருவரும் ஆளுக்கு இரண்டு முட்டை தோசை சாப்பிட்டார்கள்.

அடுத்த மாதம் திட்டம் பொதுமக்கள் கருத்துக்காக இணையத்தில் வெளியானது. பங்களித்தவர்கள் பட்டியலில் ‘மாதேஸ்வரி, பிரஸ் ஆபரேட்டர், ஓசூர்’ என்று இருந்தது. முதல் கருத்து ஒரு கேள்வி: உலாவியின் தடுப்பே பழுதாகி, அது யாருக்கும் தெரியாமல் போனால்? அனுப்ரியா அதைத் தமிழில் படித்துக் காட்டினாள்.

“தினம் ஷிப்ட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, கைக்குப் பதிலா ஒரு குச்சிய பிரஸ்ஸுக்குள்ள விட்டுப் பாப்போம்,” என்றாள் மாதேஸ்வரி. “நிக்கலைன்னா அன்னிக்கி அந்த மெஷின ஓட்டமாட்டோம். அதையும் எழுதிக்க.”

உலாவிக்குள் குச்சியை எப்படி விடுவது என்று அனுப்ரியா கேட்டாள். இருவரும் தரையில் காகிதத்தை விரித்துப் படம் போட ஆரம்பித்தார்கள்.