முதல் பயனாளி

எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் பனியன் கம்பெனிக்கே தெரியும். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சீனியம்மாள் என்றால், ஓவர்லாக் தையல் மெஷினில் கை ஓடும்போதே வாயும் ஓடும். வீட்டுக்காரர் முனீஸ் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு அந்த வாய் அடைத்துப்போனது. தூக்கம் கிடையாது. தைத்துக்கொண்டே அழுவேன். லைனில் ஒருத்தி கை நின்றால் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை நிற்கும். சூப்பர்வைசர் மாதவன் கத்துவான். மண்டை சரியில்லாதவளுக்கு மெஷின் தர முடியாது என்று ஏற்கெனவே ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பியவன் அவன்.

மண்ணரை வார்டு கவுன்சிலர் ரங்காத்தாள் அக்காதான் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மாநகராட்சி ஆஸ்பத்திரியில் ஓர் அறை. மனசு பாரமானவர்களிடம் உட்கார்ந்து பேச, பல்கலைக்கழகத்திலிருந்து தேஜஸ்ரீ மேடம் வருவார். இந்த ஏற்பாட்டுக்காக அக்கா இரண்டு இடத்துக்கும் நடையாய் நடந்தார். ஷிப்ட் விட்ட பிறகும் திறந்திருக்க வேண்டும் என்று சண்டையே போட்டார். திறப்பு விழாவுக்கு முன்பே வேலை ஆரம்பித்துவிட்டது. மாதவன் காதுக்கு எட்டக் கூடாதென்று நான் பின்வாசல் வழியாகப் போய் வந்தேன். கொஞ்சம் தூக்கமும் வந்தது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. நம் ஊர் வழக்கம் தெரியாதா? தையல் மெஷின் கொடுத்தாலும் பட்டா கொடுத்தாலும் முதல் பயனாளியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுக்க வேண்டும். மைக் செட்காரர் எங்கள் தெரு. ஒயர் இழுக்க வந்த அன்று என்னைப் பின்வாசலில் பார்த்திருக்கிறார். பாவி மனுஷன், எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துவிட்டார்.

"அடுத்ததாக, இந்த மையத்தின் முதல் பயனாளி, நம்ம மண்ணரை டெய்லர் அம்மா..."

கம்பெனி சார்பில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாதவன் கழுத்தைத் திருப்பித் தேடுகிறான். போச்சு, மெஷினும் போச்சு, சோறும் போச்சு. மேடையிலிருந்து அக்கா என் முகத்தைப் பார்த்தார். விருட்டென்று எழுந்து மைக்கைப் பிடுங்கினார்.

"டெய்லரம்மா இல்லீங்க, மொதல் ஆளு நாந்தானுங்க! எங்க ஊட்டுக்காரர் போனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. கவுன்சிலர்னா மனசு இருக்காதுங்களா?"

தேஜஸ்ரீ மேடம் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனார். பின்னாலேயே ஓடிய போட்டோகிராபரின் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினார். அடி சக்கை!

அக்கா வீட்டுக்காரர் இறந்தது ஊருக்கே தெரியும்; தூக்கமில்லை என்றது மட்டும் எனக்காகச் சொன்ன பொய் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. பொன்னாடையை வைத்திருந்தவர் கை மாற்றி மாற்றி நின்றார். வந்தபோது அக்காவின் கண் சிவந்து, முந்தானை நனைந்திருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. எங்கள் வார்டுக்கு இப்படி ஒரு மனுஷி! பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது.

கூட்டம் கலையும்போது மாதவன் என்னிடம் வந்தான். ஒரு நாளும் எனக்கு மரியாதை கொடுக்காதவன், குரலைத் தாழ்த்தினான்.

"ஏனுங்கக்கா, இந்த ரூமு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் தொறப்பாங்களா? எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்குக் கேட்டேனுங்க."

அவன் கண்ணைப் பார்த்தேன். அவனும் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

"வெள்ளிக்கிழமை ஷிப்ட் விட்ட பொறவும் உண்டு, தம்பி," என்றேன், நாலு பேருக்குக் கேட்கும்படியாகவே. "அன்னைக்குத்தான் நான் வாரேன். சேந்தே போவோம். முன்வாசல் வழியா."