இடது மணிக்கட்டில் தழும்பு

ஜூன் பன்னிரண்டாம் தேதி நான் வேலை பார்க்கும் பள்ளி திறந்தது. பதினான்காம் தேதி காலை பத்தரைக்கு என் அக்கா தன் கடைசி மகள் நவ்யாவை முதல் வகுப்பில் சேர்க்க வந்தாள். வருவாள் என்று தெரிந்துதான் அன்று விடுப்பு கேட்டிருந்தேன். "சேர்க்கை நேரத்துல லீவா மேடம்?" என்று சிரித்தே மறுத்துவிட்டார் தலைமையாசிரியர் யாதகிரி சார்.

வரிசையாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஆடு மேய்ப்பு. மகபூப்நகர் பக்கம் மழை பொய்த்தால் மந்தையை ஓட்டிக்கொண்டு கிருஷ்ணா கரைக்குப் போகிறவர்கள். எனக்கு நாலு வயதாக இருந்தபோது, அன்றைய பள்ளிக்கூடத்துப் பந்துலு, வாத்தியாரை அப்படித்தான் சொல்வோம், வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் பதிவேட்டில் எழுதினார். எங்கள் வீட்டில் எழுதியது அக்காவை. சுகுணா, தந்தை மல்லய்யா, வயது ஆறு, அடையாளம் இடது மணிக்கட்டில் தழும்பு. பள்ளி திறந்த அன்று ஆடு மேய்க்க அக்கா தேவைப்பட்டாள். எழுதின பெயருக்கு ஒரு பிள்ளை போக வேண்டுமே என்று அப்பா என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

"சுகுணான்னு கூப்பிட்டா, வந்திருக்கேன் சார்னு சொல்லு."

சொன்னேன். இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் பாலமணி. அது அக்காவிடம் போய்விட்டது. ஆதார் எடுக்க வந்தபோது, தங்கச்சி வேலைக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று அப்பா அவளைப் பாலமணி என்றே சொல்லச் சொன்னார். வீட்டில் அவள் பெத்தி, பெரியவள்; நான் சின்னி. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

தழும்பு மட்டும் என் பின்னாலேயே வந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பதிவேட்டைப் பார்த்து அப்படியே ஏற்றிவிட்டார்கள். ஆசிரியர் வேலைக்குச் சரிபார்த்த அதிகாரி, "தழும்பு எங்கம்மா?" என்றார். "வாட்ச் பட்டைக்கு அடியில சார்." கழற்றச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அகலப் பட்டை வைத்த வாட்ச்தான். ஆறு வருடம் சொந்த ஊருக்கு மாற்றல் வராமல் பார்த்துக்கொண்டேன். இந்த வருடம் முடியவில்லை; நான் படித்த பள்ளிக்கே வந்துவிட்டேன்.

அக்கா வந்து நின்றதும் யாதகிரி சார் படிவத்தை எடுத்தார். "குழந்தையோட அம்மா பேரு?"

"சுகுணா" என்றாள் அக்கா.

"அது டீச்சர் பேரும்மா. உங்க பேரு?"

"அவளுக்கு முன்னாடி அது என் பேரு."

சார் சிரித்தார். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்து என்னைச் சுத்தல்ல விடுறீங்க. மேடம், நீங்களே எழுதுங்க. கம்ப்யூட்டர்ல நாளைக்கு ஏத்திக்கலாம்." மதிய உணவுக்கு முட்டை வந்திருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனார்.

நான் வாட்சைத் திருகினேன். "அக்கா, கார்டுல பாலமணின்னு இருக்கு. மாத்தி எழுதினா ஏன்னு கேப்பாங்க. கேட்டா எங்க போய் நிக்கும்னு உனக்குத் தெரியாது."

"தெரியும். உன் வேலையில போய் நிக்கும்." நவ்யாவின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "மூத்த பிள்ளைங்களைச் சேர்க்கும்போது வெளியூர் பந்துலு, கார்டைப் பாத்து அவரா எழுதிட்டாரு. எனக்கு வாய் வரலை. இவதான் கடைசி. அந்தப் பழைய பெரிய புத்தகம் இருக்கா?"

அந்தப் பதிவேடு பீரோவில் இருந்தது. பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது.

"எது?"

விரலால் காட்டினேன். வளையலை மேலே தள்ளிவிட்டு, ஆறு வயதில் ரொட்டிக் கல்லில் சுட்டுக்கொண்ட மணிக்கட்டை அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"அப்ப நானும் ஸ்கூல்ல இருந்திருக்கேன்" என்றாள். பிறகு என் வாட்சைப் பார்த்தாள். "அடியில வேர்க்குரு வந்திருக்குமே சின்னி. ரெண்டு வயசு கூட்டிப் போட்டதால ரெண்டு வருஷம் முன்னாடியே ரிட்டயராகப் போற. இதுல என்னத்தை மறைச்சு என்ன ஆகப் போகுது?"

"விளையாடாத."

"விளையாடலை. உன் சர்டிபிகேட்டைக் கேட்டேனா? உன் சம்பளத்தைக் கேட்டேனா? என் பிள்ளைக்கு அம்மா யாருன்னு ஒரு இடத்துல சரியா எழுதுன்னு கேட்டேன். பந்துலம்மாதானே நீ, சரியா எழுதுறதுதானே உன் வேலை?"

வெளியே பிள்ளைகள் தட்டுகளை உருட்டினார்கள். பேனாவை எடுத்தேன், மூடினேன், மறுபடி எடுத்தேன். பிறகு எழுதினேன். தாய் பெயர்: சுகுணா. மை காயும் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார் நாளைக்குக் கேப்பாரு" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னு சொல்லு. எங்கப்பனுக்கு வேற பேரு தோணலைன்னு சொல்லு."

"நம்புவாரா?"

"நம்பலைன்னா உண்மையைச் சொல்லு. உனக்கும் கையில காத்து படும்."

நவ்யாவை என் வகுப்பில் விட்டுவிட்டுப் போனாள். வருகைப் பதிவேட்டில் புதுப் பெயரைக் கடைசியாக எழுதிக் கூப்பிட்டேன். "வந்திருக்கேன் டீச்சர்" என்றது குழந்தை, யாரும் சொல்லித் தராமல் அதுவே சொன்னது.

இப்போது மணி நாலு. யாதகிரி சார் நாளை ஒன்பதரைக்குக் கணினி முன் உட்காருவார். பொய், உண்மை, இரண்டு பதில்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாவதுதான் சின்னது.