சுக்கானைப் பிடித்த கை

பப்புவாத் தீவின் தென்னைகள் கண்ணில் பட்டதும் போதகர் அமினியாசி படுக்கையிலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சுக்கானருகே வந்தார். எந்தத் தீவானாலும் இதுதான் வழக்கம். நடுக்கடலில் அவர் மனைவி செரேமா படகை ஓட்டுவாள். கரை நெருங்கினால் அவர் வாங்கிக்கொள்வார். பொம்பளை ஓட்டிவந்த படகென்றால் தீவுக்காரர்கள் மதிக்க மாட்டார்களாம்.

“நகரு செரேமா, பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

பிஜியில் ஏறியதிலிருந்து காற்றோடு மல்லுக்கட்டிக் காய்த்துப்போன கையை அவள் எடுக்கவில்லை.

“ஊழியமே கெட்டுப்போகும்டி!”

“இன்னிக்கு என்ன பிரசங்கம்?”

“பொய் சொல்லாதே” என்று முணுமுணுத்தார்.

“அப்ப கரையேறுறதுக்கு முன்னாடியே ஒரு பொய்யா? பிள்ளைங்க மூணும் பாத்துக்கிட்டு இருக்குதுங்க. போய் உக்காருங்க.”

பவளப்பாறை இடுக்கில் படகை நூல் பிடித்தாற்போல் நுழைத்தாள். கரையில் பாக்கு மென்றுகொண்டிருந்த ஊர்த் தலைவர் சத்தம் போட்டார்: “ஏம்மா, அந்தப் படகுல ஆம்பளையே இல்லையா?”

செரேமா சுக்கானை விடாமல் எழுந்து நின்றாள்.

“இருக்காரு! மூணு நாளா வாந்தியெடுத்துப் படுத்திருந்தாரு. இப்பத்தான் எந்திரிச்சாரு. பொய் சொல்லக் கூடாதுன்னு பேசப்போறாரு, உக்காந்து கேளுங்க!”